மார்விஸின் தூக்கம்

பிர்ச் ஹாலோ முதியோர் குடியிருப்பு,
விஸ்கான்சின்
மார்ச் 6, 2018

அன்புள்ள அக்கா லவானுக்கு,

தம்பி ஆரின் எழுதுவது. நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? டெனீஸ் உன்னைப் பனியில் வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறாளா? மகள் சொன்னால் நீ எங்கே கேட்கப்போகிறாய். தொலைபேசியில் நீ பேசுவது என் மந்தக் காதுக்கு வாத்துக் கூட்டம் கத்துவது போலத்தான் கேட்கிறது. அதனால் கடிதமே நல்லது.

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. என் மனைவி ஜோனெல் உயிரோடு இருந்திருந்தால் திரைச்சீலையை முதல் நாளே மாற்றியிருப்பாள். வெள்ளிக்கிழமை பொரித்த மீன் தருகிறார்கள். ஜன்னலோரத்தில் ஒரு சின்ன மேசை எனக்குப் பழகிவிட்டது. அங்கிருந்து வண்டிகள் வருவதும் போவதும் தெரியும்.

இங்கே 'வாழ்வு வளம்' என்று ஒரு பிரிவு உண்டு. கெய்லி என்ற பெண் அதற்குப் பொறுப்பு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இந்த இல்லத்தின் விழுமியங்களைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: மரியாதை, அரவணைப்பு, மகிழ்ச்சி, நேர்மை, இன்னும் என்னென்னவோ. மாதத்துக்கு ஒன்றைக் கொண்டாடுவார்களாம். இது மகிழ்ச்சி மாதம். நேற்று ஒவ்வொருவர் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு மஞ்சள் பலூன். என் பலூனும் நானும் சூப் குடித்தோம்.

கெய்லி எல்லோரையும் பேட்டி எடுத்துப் படத்தோடு சுவரில் மாட்டப்போகிறாளாம். நான் என்ன சொல்ல?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
ஆரின்


பில்லிங்ஸ், மொன்டானா
மார்ச் 19, 2018

அன்புள்ள ஆரினுக்கு,

இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. டெனீஸ் சுகம். நீ நன்றாகத் தூங்குகிறாயா?

ஜன்னலோர மேசை என்று எழுதினாய். அதில் எத்தனை நாற்காலி என்று எழுதவில்லை. நீ சின்ன வயதிலும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் யாரும் உன்னோடு பேசாவிட்டால் வீட்டுக்கு வந்து அணில்களைப் பற்றிச் சொல்வாய்.

என்ன சொல்ல என்று கேட்கிறாயே! நாற்பது வருடம் அந்த மாவட்டத்துப் பால்பண்ணைகளின் குளிரூட்டும் தொட்டிகளையெல்லாம் பழுது பார்த்தவன் நீ. அதைச் சொல். யார் பக்கத்திலாவது போய் உட்கார். "இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
லவான்


பிர்ச் ஹாலோ
ஏப்ரல் 11, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் டெனீஸும் நலம்தானே? நான் மிக நலம். எடைகூட ஏறிவிட்டது.

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. இப்போது நான் நடுக்கூடத்தில், ஆண்கள் மேசையில் உட்காருகிறேன். எல்டன் என்று ஒருவர், கடற்படையில் இருந்தவர். அந்த மேசைக்கு அவர்தான் ராஜா. அவரே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எல்லாம் எப்படியோ தானாக நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சீட்டாட்டம். என் பக்கம் திரும்பி உரக்கப் பேசுகிறார்கள், அதனால் பாதியாவது காதில் விழுகிறது. மேசையே அதிரும்படி சிரிக்கிறோம். ஜோனெல் போன பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்ததே இல்லை.

என் மாடியிலேயே மார்விஸ் என்று ஓர் அம்மாள். கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். மதியம் என்னோடு தோட்டத்தைச் சுற்றி நடக்கிறார். நல்ல மனுஷி.

மற்றபடி விசேஷம் இல்லை.

தம்பி,
ஆரின்


பில்லிங்ஸ்
ஏப்ரல் 27, 2018

அன்புள்ள ஆரினுக்கு,

உன் கடிதத்தை டெனீஸுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "மாமா சிரிக்கிறாரா!" என்று அவளுக்கு ஆச்சரியம். எனக்கு நிம்மதி. வலிக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பரவாயில்லை.

பேட்டி என்ன ஆயிற்று? படம் மாட்டினார்களா? நீ எழுதவே இல்லையே.

ஒரு நல்ல செய்தி. ஜூலையில் டெனீஸுக்கு விடுமுறை. இரண்டு நாள் வண்டி ஓட்டி உன்னிடம் வரலாம் என்கிறாள். அந்த எல்டனையும் மார்விஸையும் நான் பார்க்க வேண்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா,
லவான்


பிர்ச் ஹாலோ
மே 24, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். புது மாத்திரை வயிற்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்.

ஜூலை வேண்டாம் என்று நினைக்கிறேன். விருந்தினர் அறைக்கு வர்ணம் அடிக்கப்போவதாகப் பேச்சு. வெயிலும் கடுமையாக இருக்கும். உன் இடுப்புக்கு இரண்டு நாள் பயணம் ஆகாது. டெனீஸுக்கும் பாவம், விடுமுறை வீணாகப் போகும். அடுத்த வருடம் பார்க்கலாம்.

தோட்டத்தில் ருபார்ப் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது. மார்விஸ் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாளாம். பல வருடமாகத் தூக்கம் இல்லாதவள். நேற்று நடக்கும்போது என் கையைத் தட்டி, "உங்களாலதான்" என்றாள். மழை வருகிறது, உள்ளே போகலாம் என்றேன். மழை வரவில்லை.

தம்பி,
ஆரின்


பில்லிங்ஸ்
ஜூலை 9, 2018

அன்புள்ள ஆரினுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று தெரியவில்லை. ஜூனில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பயந்துபோய்ப் போன வாரம் உங்கள் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆரின் ஸ்லெட்டனோட அக்கா பேசறேன்மா. தம்பி நல்லாருக்கானா?"

"ஐயோ, கேப்டனோட அக்காவா! சூப்பரா இருக்காரும்மா. இப்பதான் ஆண்கள் மேசையில ஒரே கலாட்டா. நீங்க ரொம்பப் பெருமைப்படணும். வியட்நாம்ல ஹெலிகாப்டர் ஓட்டினவருக்கு அக்கான்னா சும்மாவா?"

அந்தப் பெண், "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்மா. ஆமா, பெருமைதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. வைத்துவிட்டு ரொம்ப நேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். டெனீஸ் வந்து, "என்னம்மா, மாமாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள். "இல்ல, நல்லாருக்கான்" என்றேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் மறைத்தேன்.

நீ ராணுவத்தில் இருந்த இரண்டு வருடமும் நம் நாட்டிலேயே, கான்சாஸ் முகாமில் துணி வெளுத்தாய். அம்மா அதை மாதாகோவிலில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தாள். "என் பையன் வெளுத்த சட்டையில கறையே இருக்காது" என்பாள்.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. நீயே எழுது.

அக்கா,
லவான்


பில்லிங்ஸ்
ஆகஸ்ட் 13, 2018

ஆரின்,

உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் எழுது. வரவேற்பு மேசையில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் மறுபடி அந்தப் பேரைச் சொல்வாள்.

லவான்


பிர்ச் ஹாலோ
செப்டம்பர் 4, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். இதை எழுத நான்கு தடவை உட்கார்ந்து நான்கு தடவையும் எழுந்துவிட்டேன்.

கெய்லி பேட்டி எடுத்தபோது கூடத்தில் ஒரே இரைச்சல். ராணுவத்தில் இருந்தீர்களா என்று கேட்டாள். இருந்தேன், ஹெலிகாப்டர் பைலட்டுகளின் துணியெல்லாம் நான்தான் வெளுத்தேன் என்றேன். அவளுக்குப் பாதி கேட்டிருக்கிறது. அவள் திருப்பிக் கேட்டது எனக்குப் பாதி கேட்டது. தலையை ஆட்டினேன். காதில் விழாத எதற்கும் தலையை ஆட்டுவது எனக்குப் பழகிவிட்டது. இதுவரை என்மேல் தப்பு இல்லை. அக்கா, அந்த இடத்தோடு நின்றிருந்தால் நான் இன்று நிம்மதியாக இருப்பேன்.

மறுவாரம் 'நம் வீரர்கள்' என்று சுவரில் என் படம். கீழே 'ஹெலிகாப்டர் பைலட், வியட்நாம்'. படித்ததும் நேராகக் கெய்லியிடம் போகத் திரும்பினேன். அதற்குள் நடுக்கூடத்திலிருந்து எல்டன் கத்தினார்: "ஏன்யா கேப்டன், இத்தனை நாளா அந்த மூலையில என்ன பண்ணிட்டிருந்தீங்க? இங்க வாங்க!" நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்த முகமாக. நான் போய் உட்கார்ந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

இதைக்கூட நீ மன்னிப்பாய். இன்னொன்று இருக்கிறது.

ஏப்ரலில் மார்விஸ் என்னைத் தேடி வந்தாள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் அவள் கணவர் லீலண்ட் வியட்நாமில் இறந்தார். ஹெலிகாப்டர் விழுந்து. அவரும் பைலட். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க அங்க இருந்தவர். உங்ககிட்டதான் கேக்க முடியும். விழறப்ப அவருக்கு வலிச்சிருக்குமா?"

அந்த நேரத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லம்மா. ஒரு நொடிதான். நான் கண்ணால பாத்திருக்கேன். நினைக்கக்கூட நேரம் இருக்காது" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. உண்மையான பைலட்டின் குரல் மாதிரி இருந்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்துதான் அவள் தூங்குகிறாள்.

நவம்பரில் படைவீரர் தினம். நான் மேடையில் பேச வேண்டும் என்கிறாள் கெய்லி. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வருகிறாராம். மார்விஸ் முன்வரிசையில் இருப்பாள். உண்மையைச் சொன்னால் அவள் தூக்கம் போய்விடும். சொல்லாவிட்டால் நான் மேடை ஏற வேண்டும்.

என்ன செய்ய? எழுது. திட்டியாவது எழுது.

ஆரின்


பில்லிங்ஸ்
செப்டம்பர் 13, 2018

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பரவாயில்லை, ஒரு விதவைக்குத் தூக்கம் கொடுத்திருக்கிறாய், அது பாவமில்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். உன்னைத் தேற்ற எனக்கு ஆசை. ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். அவள் கேட்டது பார்த்தவரிடம். பதில் சொன்னது பார்க்காதவன். அவள் கையில் இருக்கும் நிம்மதி அவளுடையது அல்ல, நீ கொடுத்த போலி.

அவளிடம் சொல். மேடையில் வேண்டாம். எல்லோர் முன்னாலும் சொன்னால் அவள் உன்னைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் அவள் கதவைத் தட்டு. பிறகு மற்றவர்களிடம் சொல்.

திட்டச் சொன்னாய். திட்ட எனக்கு என்ன தகுதி? "பெருமைதான்" என்று சொன்னவள்தானே நானும்.

அக்கா,
லவான்


பிர்ச் ஹாலோ
அக்டோபர் 25, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். சொல்லிவிட்டேன்.

நான் கதவைத் தட்டியபோது மார்விஸ் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கான்சாஸ், துணி, தலையாட்டியது, நாற்காலி, பெஞ்சு. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துண்டையும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அப்ப, அவருக்கு வலிச்சுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. அம்பது வருஷமா. அந்தத் தெரியாததோட எப்படியோ வாழப் பழகியிருந்தேன். நீங்க வந்து அதை வாங்கிக்கிட்டீங்க. இப்பத் திருப்பிக் குடுக்கறீங்க. எனக்கு எழுபத்தி மூணு வயசு ஆரின். மறுபடி முதல்லேருந்து பழகணும்."

மன்னிப்புக் கேட்டேன். "கதவை மூடிட்டுப் போங்க" என்றாள்.

அங்கிருந்து கெய்லியிடம் போனேன். பாவம், அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், இது நேர்மை மாசம் சார்! இப்பப் போய் இப்படிச் சொல்றீங்களே!" என்றாள். தான் சொன்னது தனக்கே உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "யார்கிட்டயும் சொல்ல வேணாம். உடம்பு சரியில்லன்னு நிகழ்ச்சியிலேருந்து எடுத்துடறேன். படத்தையும் சத்தமில்லாம கழட்டிடலாம். உங்களுக்குத்தான் அவமானம்" என்றாள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். தப்பிக்க வழி கிடைத்ததும் எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்ததையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் மறுநாள் மதியம் எல்டன், "கேப்டன், உப்பை இப்படித் தள்ளுங்க" என்றார். எழுந்து நின்றேன். கூடத்துக்கே கேட்கும்படி சொன்னேன். என் காதுக்கு என் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று தெரியாது. சமையற்கட்டிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

எல்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் கப்பல்ல நாலு வருஷம் உருளைக்கிழங்கு உரிச்சவன்யா. அதைச் சொல்லிக்கிட்டுத்தானே இந்த மேசையில உக்காந்திருக்கேன்? எவனாவது என்னை எழுந்து போன்னு சொன்னானா?" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அக்கா, என்னால் இங்கே முகம் காட்ட முடியவில்லை. லிஃப்டில் யாராவது இருந்தால் படியேறிப் போகிறேன். டெனீஸ் வீட்டில் ஒரு அறை சும்மா இருக்கிறது என்று முன்பு சொன்னாயே. நான் அங்கே வரட்டுமா?

ஆரின்


பில்லிங்ஸ்
நவம்பர் 5, 2018

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அறை சும்மாதான் இருக்கிறது. டெனீஸ் இப்போதே போய் அழைத்து வருகிறேன் என்கிறாள். நான்தான் வேண்டாம் என்றேன். சொந்தத் தம்பிக்கு இடம் இல்லை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் இப்போது நீ வந்துவிட்டால், அங்கே அந்தப் பெண்மணி தினமும் உன் காலி அறையைத் தாண்டிப் போக வேண்டும். சொல்லிவிட்டு ஓடிவிட்டான் என்றுதான் உன்னை நினைப்பாள். அவள் திட்ட நினைத்தால் அதற்கு நீ அங்கே இருக்க வேண்டும்.

வசந்தத்துக்குப் பிறகும் வர நினைத்தால் வா. கதவு திறந்திருக்கும்.

அக்கா,
லவான்


பிர்ச் ஹாலோ
டிசம்பர் 9, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இல்லை. உன் இடுப்பு இந்தக் குளிரைத் தாங்குகிறதா?

உன்மேல் இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். அதனால்தான் தாமதம். இப்போது இல்லை.

படைவீரர் தினத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பணி செய்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். எல்டன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அக்கா, நானும் ராணுவத்தில் இருந்தவன்தானே. எனக்கும் நிற்க உரிமை இருந்தது. கால் எழவில்லை. நான் பொய் சொல்லிக் கெடுத்துக்கொண்டதில் அந்த உண்மையும் சேர்ந்து போய்விட்டது.

மார்விஸ் சரியாகத் தூங்குவதில்லை. பார்த்தாலே தெரிகிறது. கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. அவளைக் காணும்போதெல்லாம் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவேன். போன வியாழக்கிழமை அப்படி ஒதுங்கியபோது அவள் நின்றாள்.

"எத்தனை நாளைக்கு இப்படிச் சுவத்துல ஒட்டிக்கிட்டுப் போவீங்க? மூணு மணிக்கு என் அறைக்கு வாங்க."

போனேன். காப்பி ஊற்றி வைத்தாள். என் காது கேட்கும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"ஏப்ரல்லேருந்து என்கூட நடந்தீங்க. லீலண்ட் எப்படிப்பட்டவர்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை அக்கா. அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் என்னை ஏதாவது கேட்பாள் என்ற பயம். அவர் எப்படிச் செத்தார் என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தேன். எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ளவில்லை. பொய் சொன்னதைவிட இதற்காகத்தான் நான் அதிகம் கூனிக்குறுகிப் போனேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நிமிந்து பாருங்க. நீங்க குனிஞ்சிட்டா என் உதடு உங்களுக்குத் தெரியாது, பாதி விட்டுப்போயிடும். நான் உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. மன்னிக்கல. ஆனா அவரைப் பத்திக் கேக்கறதுக்கு இங்க யாரும் இல்ல. நீங்க பேசாம உக்காந்து கேளுங்க."

சொன்னாள். அவருக்கு நடனமாட வராது, அவள் காலை மிதித்துவிட்டுத் தரையைத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தானே முட்டை பொரிக்கிறேன் என்று நின்று, ஒவ்வொரு தடவையும் கருகவிடுவார். பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்து தெருவைச் சுற்றிக்கொண்டு வருவாராம். ஹெலிகாப்டர் ஓட்டுகிற மனிதர்! அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியதும், "இன்னிக்குப் போதும். அடுத்த வியாழக்கிழமை வாங்க. அவர் எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்த கதை இருக்கு, அது பெரிசு" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்கக் கேட்க, அந்த மனிதர் எனக்கு முன்னால் உயிரோடு வந்து நிற்கிறார். அவர் யாரென்று கேட்காமலேயே அவருடைய பைலட் சட்டையை நான் இத்தனை மாதம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போவேன். டெனீஸுக்கு என் அன்பு. அறையை அவள் வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளட்டும்.

தம்பி,
ஆரின்